மரம் உப்பும் ஊரில் சமையல் மேடை: பலகையை வெட்டி, இணைத்து, பொருத்தும் முறை

முழுமரப் பலகையோடு வரும் வழிகாட்டித் தாள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காக எழுதப்பட்டது. அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும், காற்று வறளும், மரம் சுருங்கி வெடிக்கும். அந்தத் தாளின் கவலை எல்லாம் சுருக்கத்தைப் பற்றியே இருக்கும். சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையில் நடப்பது நேர் எதிர். சூளையில் 8 முதல் 10 சதவீத ஈரத்துக்கு உலர்த்தப்பட்டு வரும் பலகை இங்கே வந்ததும் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து உப்பத் தொடங்குகிறது. இதை மனத்தில் வைக்காமல் சுவரோடு ஒட்ட அடித்துப் பொருத்தினால், சில மாதங்களில் பலகை நடுவில் தூக்கும், அல்லது முன்பக்கக் கேபினெட்டைத் தள்ளும், அல்லது சுவரில் பதித்த ஓடுகளை உடைக்கும். கீழே சொல்லும் வேலை முறை முழுவதும் ஒரே விதியைச் சுற்றி வருகிறது: முன்விளிம்பை இறுக்கிப் பிடி, பின்பக்கம் விரிய வழி விடு.

எவ்வளவு விரியும்?

மரம் நீளவாட்டில் ஏறக்குறைய அசையாது. மூன்று மீட்டர் பலகையிலும் நீள மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. அசைவெல்லாம் அகலவாட்டில்தான். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தில் நிலைத்தால் மரத்தின் ஈரம் சுமார் 15 முதல் 16 சதவீதத்தில் போய் நிற்கும். 70 சதவீதத்தில் சுமார் 13. ஏர்கான் ஓடும் அறையில் 55 முதல் 60 சதவீதம் என்றால் 10 அல்லது 11. சன்னல் திறந்தே இருக்கும் சமையலறையில் 13 முதல் 15 வரை எதிர்பார்க்கலாம்.

9 சதவீதத்தில் வந்த பலகை 14-க்கு ஏறுகிறது என்று வையுங்கள். 620 மி.மீ. அகலமுள்ள ஓக் பலகை 5 முதல் 11 மி.மீ. வரை விரியும். கீற்றுகள் எந்த வாக்கில் அறுக்கப்பட்டவை என்பதைப் பொறுத்தே இந்த வித்தியாசம். பீச் இன்னும் மோசம்: 6 முதல் 13 மி.மீ. தேக்கு 3 முதல் 6 மி.மீ.க்குள் அடங்கிவிடும். தேக்குக்கு இருக்கும் பெயர் சும்மா வந்ததில்லை. இந்தத் தட்பவெப்பத்தில் ஒரே ஒரு மரத்தைத்தான் பரிந்துரைக்கலாம் என்றால் அது தேக்குதான். எண்ணெய்ப் பசையுள்ள மரம், நீரைத் தள்ளும், அசைவும் குறைவு. ஓக், வால்நட் இரண்டும் சரிதான், இடைவெளியைத் தாராளமாக விட்டால். மலேசியாவிலிருந்து வரும் ரப்பர் மரப் பலகை விலை மலிவு, ஆனால் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து நீலக்கறை ஏறும். சிங்க் பக்கம் அதை வைக்க வேண்டாம்.

சுங்கை காடுட் பக்கத்து மரக்கடைகளில் சுவார் மரத்தின் ஒற்றைப் பலகை பார்க்கவே ஆசையாக இருக்கும். நம்மூரில் தூங்குமூஞ்சி மரம் என்பது அதைத்தான். சாப்பாட்டு மேசைக்கு அருமை. சமையல் மேடைக்கு வேண்டாம்: 600 மி.மீ. அகலத்தில் ஒரே துண்டாக இருப்பதால் வளைந்தால் முழுசாக வளையும். உள்ளே சரியாகக் காயாமல் விற்கப்படுவதும் உண்டு. மேடைக்கு வேண்டியது 40 மி.மீ. அளவு கீற்றுகளைப் பக்கவாட்டில் ஒட்டிச் செய்த பலகை. ஒரு கீற்று வளைய நினைத்தாலும் பக்கத்துக் கீற்று பிடித்துக்கொள்ளும். வாங்கும்போது முனையைப் பாருங்கள். கீற்றுகள் மேலிருந்து கீழ்வரை தெரிந்தால் முழுமரம். மேலே மட்டும் மெல்லிய தோலும் நடுவில் மரத்தூள் அட்டையும் தெரிந்தால் அது வேறு சரக்கு. அதை வெட்டும் முறையும் வேறு.

வீட்டுக்குள் கொண்டு வருவது

3 மீட்டர் நீளம், 620 மி.மீ. அகலம், 40 மி.மீ. கனம் உள்ள ஓக் பலகை ஒன்று ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும். இரண்டு பேர் தூக்கலாம், ஆனால் மின்தூக்கிக்குள் நிற்குமா என்பதுதான் கேள்வி. பலகை வாங்குவதற்கு முன்பே உங்கள் புளோக் மின்தூக்கியின் உட்புற உயரத்தையும், தரை மூலையிலிருந்து எதிர் மேல்மூலை வரையான குறுக்களவையும் அளந்துகொள்ளுங்கள். நுழையாது என்றால் கடையிலேயே இரண்டாக வெட்டச் சொல்வது புத்திசாலித்தனம், ஆனால் வெட்டு எங்கே விழ வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு. வெளி நடைபாதையில் சாய்த்து வைத்துவிட்டு நாளைக்குப் பார்ப்போம் என்று விடக்கூடாது. தீப்பாதுகாப்புக்காக அங்கே 1.2 மீட்டர் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

ஏர்கான் போட்ட படுக்கையறையில் பலகையை வைப்பது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. அங்கே அது மேலும் காயும், சமையலறைக்கு வந்ததும் ஒரேயடியாக உப்பும். எந்த அறையில் பொருத்தப் போகிறீர்களோ அந்த அறையின் காற்றுதான் அதற்கு வேண்டும். தரையில் ஒரே கனமுள்ள குறுக்குச் சட்டங்களை 400 மி.மீ.க்கு ஒன்றாகப் போட்டு, அவற்றின் மேல் பலகையைப் படுக்க வையுங்கள். இரண்டு பலகை என்றால் நடுவிலும் அதே சட்டங்கள், கீழுள்ளவற்றுக்கு நேர் மேலே. சுவரில் சாய்க்க வேண்டாம். உறையைப் பிரித்த அன்றே ஆறு பக்கமும் ஒரு பூச்சு எண்ணெய் கொடுத்துவிடுங்கள். எண்ணெய் ஈரத்தைத் தடுக்காது, வேகத்தைக் குறைக்கும். இரண்டு முகமும் ஒரே வேகத்தில் ஈரம் ஏற்றால் பலகை வளையாது, அகலம் மட்டும் கூடும்.

இரண்டு மூன்று வாரம் விட்டு, ஊசி வைத்த ஈரமானியால் அளந்து பாருங்கள். ஒரு வார இடைவெளியில் எண் மாறாமல் நின்றால் பலகை ஊர்ப்பழக்கம் கொண்டுவிட்டது. அதன் பிறகு வரக்கூடிய அசைவு ஓக்கில் 2 முதல் 4 மி.மீ. அளவுதான். அப்போது பின்பக்கம் 6 மி.மீ. இடைவெளி போதும். காத்திருக்க நேரமில்லை, வந்ததும் பொருத்தியே ஆக வேண்டும் என்றால் ஓக்குக்கு 12, தேக்குக்கு 6 மி.மீ. விடுங்கள்.

திறந்த சமையலறையில் வரவேற்பறையின் ஏர்கான் இரவெல்லாம் ஓடும் வீடுகளில் கணக்கு மாறும். அங்கே பலகை சுருங்கவும் கூடும். சின்ன ஈரப்பத மானி ஒன்றை ஒரு வாரம் அடுப்படியில் வைத்துக் குறித்துக்கொண்டால் யூகத்துக்கே வேலையில்லை.

அளவும் அடித்தளமும்

பழைய வீவக வீடுகளில் மூலை 90 பாகையில் இருக்கும் என்று நம்பாதீர்கள். மூலையிலிருந்து ஒரு சுவரில் 600, மறு சுவரில் 800 மி.மீ. குறித்து, இரண்டு புள்ளிகளுக்கும் இடையே அளந்தால் சரியாக 1000 வர வேண்டும். 1005 வந்தால் மூலை விரிந்திருக்கிறது. 995 என்றால் ஒடுங்கியிருக்கிறது. ஓடு பதிக்கும் முன்பு அளப்பதாக இருந்தால் ஓடும் பசையும் சேர்ந்து சுமார் 10 முதல் 12 மி.மீ. தின்னும் என்பதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கேபினெட் வரிசையை ரசமட்டம் வைத்து, முழு நீளத்திலும் 2 மி.மீ.க்குள் சமம் செய்யுங்கள். சிமெண்டு அடிமேடை மேல் உட்காரும் கேபினெட் என்றால் அடியில் பிளாஸ்டிக் ஆப்பு கொடுத்தால் போதும். கேபினெட்டின் மேல் முழுப் பலகை மூடியிருந்தால் அதில் வெட்டி ஓட்டை எடுங்கள், அல்லது 18 மி.மீ. கனச் சட்டங்களை முன்னிருந்து பின்னாகக் குறுக்கே அடித்து அவற்றின் மேல் மரப்பலகையை உட்கார வையுங்கள். அடிமுகத்துக்குக் காற்று போகவேண்டும். மேல்முகம் எண்ணெய் குடித்து உலர்ந்திருக்க, அடிமுகம் மூடிய பெட்டிக்குள் புழுங்கினால் அடி மட்டும் உப்பி, இரு விளிம்பும் மேலே எழும், நடு பள்ளமாகும். மழைமாதங்களில் அடியில் வெள்ளைப் பூஞ்சணம் படருவதும் இதனால்தான். பாத்திரம் கழுவும் இயந்திரம், துணி துவைக்கும் இயந்திரம், உள்ளமைந்த ஓவன் ஆகியவற்றுக்கு நேர் மேலே மட்டும் அலுமினியத் தாள் ஒட்டிய ஆவித்தடுப்பு விரிப்பை அடிமுகத்தில் ஒட்டுங்கள்.

முன்விளிம்பு கேபினெட் கதவைத் தாண்டி 20 முதல் 25 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். அதன் அடியில், விளிம்பிலிருந்து 12 மி.மீ. உள்ளே, 4 மி.மீ. அகலமும் 4 மி.மீ. ஆழமும் உள்ள ஒரு பள்ளக் கோடு ஓட்டிவிடுங்கள். வழியும் தண்ணீர் அந்தக் கோட்டில் சொட்டி விழுந்துவிடும். கேபினெட் கதவு வரை ஊர்ந்து போகாது. ஐந்து நிமிட வேலை, பலர் செய்வதில்லை.

வெட்டுதல்

சத்தம் போடும் வேலையை எந்த நேரத்தில் செய்யலாம் என்பதற்கு வீவக விதி உண்டு. ஓடு வெட்டுதல், தொடர்ந்து துளைபோடுதல் போன்றவை வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரை. சாதாரணப் புதுப்பிப்பு வேலை திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 6 வரை. ஞாயிறும் பொது விடுமுறையும் கிடையாது. மரத்தைக் குடைந்து வெட்டும் மின்கருவியான ரூட்டரின் அலறல் மூன்று மாடிக்குக் கேட்கும். அதைச் சத்த வேலையாகவே எண்ணிக்கொள்ளுங்கள். முடிந்தவரை நீள வெட்டைக் கடையிலேயே முடித்துக்கொண்டு, வீட்டில் திருத்தம் மட்டும் வைத்துக்கொள்வது அண்டைவீட்டு உறவுக்கு நல்லது.

சுற்று ரம்பத்தின் பற்கள் கீழிருந்து மேலாக வெட்டும். சில்லு பெயர்வது மேல்பக்கம். ஆகவே பலகையைக் கவிழ்த்துப் போட்டு அடிமுகத்திலிருந்து வெட்ட வேண்டும். சாதாரண ஜிக்சாவும் அப்படியே. 48 பல்லுக்குக் குறையாத பிளேடு போடுங்கள். கோட்டிலிருந்து 3 மி.மீ. தள்ளி வெட்டிவிட்டு, மீதியை ரூட்டரால் எடுங்கள்: 12.7 மி.மீ. விட்டம், 50 மி.மீ. நீளமுள்ள நேர்வெட்டுக் கத்தி, நேர்ச்சட்டம் கிளாம்ப் போட்டு. ஒரு ஓட்டத்தில் 8 முதல் 10 மி.மீ. ஆழத்துக்கு மேல் போகாதீர்கள். பேராசைப்பட்டால் கத்தி சூடேறி மரம் கருகும், சட்டத்தை விட்டு விலகவும் செய்யும். கடைசியில் முழு ஆழத்தில் அரை மி.மீ. மட்டும் எடுத்து ஒரு ஓட்டம். இணைப்பு முகம் கண்ணாடி போல வரும்.

ரூட்டர் வெளியேறும் விளிம்பில் மரம் பிய்யும். அது சுவர்ப்பக்க விளிம்பாக இருக்கும்படி, எப்போதும் முன்விளிம்பில் நுழைந்து பின்விளிம்பில் வெளியே வாருங்கள். ரூட்டர் இடமிருந்து வலமாகவே ஓட வேண்டும் என்பதால், ஒரு முனையை மேல்முகம் மேலே இருக்க வெட்டினால் மறுமுனையைக் கவிழ்த்துப் போட்டு வெட்ட வேண்டிவரும். குழப்பமாக இருந்தால் வெளியேறும் பக்கம் ஒரு துண்டுக்கட்டையைக் கிளாம்ப் போட்டு ஒட்டிவிடுங்கள். பிய்ந்தால் கட்டை பிய்யட்டும்.

மூலை இணைப்பு

வேலையின் நெளிவு சுளிவெல்லாம் இங்கேதான். ‘ட’ வடிவ மேடையில் ஒரு பலகை பின்சுவர் நெடுக மூலை வரை போகிறது. இதை முதற்பலகை என்போம். மற்றது பக்கச் சுவரை ஒட்டி வந்து, முதற்பலகையின் முன்விளிம்பில் தன் முனையால் முட்டுகிறது. முட்டும் இடத்தில் ஒருபுறம் நீளவாட்டு நார், அது அசையாது. மறுபுறம் 620 மி.மீ. அகலமுள்ள நார்முனை (நாரைக் குறுக்கே வெட்டிய முகம்), அது விரியும், சுருங்கும். இந்த இரண்டையும் மரப்பசையால் ஒட்டினால் ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தே தீர வேண்டும். பசை விடும், அல்லது இரண்டாம் பலகை முனையில் பிளக்கும். மூலை இணைப்பில் மரப்பசை வேண்டவே வேண்டாம்.

அதற்குப் பதில் போல்ட்டும் நெகிழும் சிலிகானும். ரூட்டரால் அடிமுகத்தில் இரண்டு பலகையிலும் எதிரெதிராகப் பள்ளம் எடுத்து, 150 மி.மீ. நீள மேடை போல்ட்டுகளைப் படுக்க வைத்து முறுக்குவது வழக்கமான முறை. 620 மி.மீ. அகலத்துக்கு மூன்று: முன்விளிம்பிலிருந்து 80 மி.மீ., நடுவில் ஒன்று, பின்விளிம்பிலிருந்து 100 மி.மீ. போல்ட்டின் தண்டு பலகையின் கனத்தில் பாதியில் படுக்க வேண்டும், 40 மி.மீ. பலகைக்குப் பள்ளத்தின் ஆழம் 23 முதல் 25 மி.மீ. அதைவிட மேலோட்டமாக, அடிமுகத்தை ஒட்டிப் படுத்தால் முறுக்கும்போது இணைப்பு கீழே மூடி மேலே வாய் பிளக்கும்.

முன் போல்ட்டுக்குத் தண்டுப் பள்ளம் 7 மி.மீ. அகலத்தில் கச்சிதமாக இருக்கட்டும். நடுவிலும் பின்னாலும் முதற்பலகையின் பள்ளத்தை 16 மி.மீ. அகலமாக எடுங்கள். இரண்டாம் பலகை அகலவாட்டில் விரியும்போது அந்த போல்ட்டுகள் பக்கவாட்டில் நகர இடம் வேண்டும். வாங்கிய உறையில் இருக்கும் வார்ப்பு அட்டையில் இந்த அகலப்படுத்தல் இருக்காது. அது லேமினேட் பலகைக்காக (மரத்தூள் அட்டைமேல் மெல்லிய தோல் ஒட்டியது) செய்தது, லேமினேட்டுக்கு இந்தக் கவலை இல்லை.

மேல்முகங்கள் ஏற்ற இறக்கமில்லாமல் சேர, 20-ஆம் எண் பிஸ்கட்டுகள் (இரு பலகையின் பள்ளங்களிலும் செருகும் மெல்லிய மரச்சில்லுகள்) நான்கு, 150 மி.மீ. இடைவெளியில். பசையில்லாமல். பிஸ்கட் பள்ளம் பிஸ்கட்டை விடச் சற்றே நீளமாக இருப்பதால் நகர்வுக்கு இடம் கிடைக்கும். பள்ளம் எடுக்கும்போது இரு பலகையிலும் மேல்முகத்தை வைத்தே அளவு எடுங்கள். கனம் அரை மி.மீ. வித்தியாசப்பட்டாலும் மேலே சமமாக வரும்.

முன்விளிம்பு உருட்டப்பட்ட பலகையை நேராக முட்ட வைக்க முடியாது. அதற்கு ரூட்டர் வார்ப்பு வைத்து 45 பாகைக் குறுவெட்டோடு செய்யும் இணைப்பு உண்டு. முழுமரத்தில் அந்தக் குறுவெட்டு முனை பலவீனமானது, மரம் அசையும்போது அங்கேதான் முதலில் வாய் திறக்கும். விளிம்பு சதுரமாக உள்ள பலகையை வாங்கி, இணைத்த பிறகு உப்புத்தாளால் விளிம்பை 2 மி.மீ. மழுக்கிக்கொள்வது எளிது.

முதலில் வறண்ட நிலையில் சேர்த்துப் பாருங்கள். இடுக்கில் தாள் நுழைகிறதா? நுழைந்தால் எந்தப் பக்கம் என்று குறித்து ரூட்டரால் இன்னொரு முறை அரை மி.மீ. எடுங்கள். போல்ட்டை முறுக்கி இடுக்கை மூட நினைக்காதீர்கள். சரியாக வந்ததும் பிரித்து, நார்முனைக்கு ஐந்து பூச்சு எண்ணெய். முதல் இரண்டு பூச்சை மரம் தண்ணீர் குடிப்பதுபோல் இழுக்கும், மூன்றாவதில்தான் நிற்கத் தொடங்கும். எண்ணெய் நன்றாக உலர்ந்தபின், நடுநிலை வகை சிலிகானை மேல்விளிம்பிலிருந்து 5 மி.மீ. கீழே ஒரு மெல்லிய வரியும் அதற்குக் கீழே ஒரு வரியும் இட்டுச் சேருங்கள். மேல்முகத்தில் இருபுறமும் ஒட்டுத்தாள் போட்டிருந்தால் பிதுங்கியதை எடுப்பது சுலபம். போல்ட்டுகளை முன், நடு, பின் என்று மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். முன்னது இறுக்கம். பின்னது சேர்ந்தால் போதும், முழு பலத்தையும் அதில் காட்ட வேண்டாம்.

நீளத்தில் நீட்டிச் சேர்ப்பது வேறு கதை. இரு நார்முனைகளும் ஒரே திசையில் ஒரே அளவு அசைவதால் அங்கே பசை ஒட்டலாம். நீர் தாங்கும் டி4 வகைப் பசை அல்லது எபாக்சி. நார்முனை பசையைக் குடித்துவிடும். ஒரு முறை தடவி ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி தடவிச் சேருங்கள். இந்த இணைப்பு ஒரு கேபினெட்டின் பக்கப் பலகைக்கு நேர் மேலே விழட்டும். துணி துவைக்கும் இயந்திரத்தின் மேலே தொங்க வேண்டாம். எந்த இணைப்பும் சிங்க் வெட்டிலிருந்து 300 மி.மீ.க்குள்ளோ அடுப்பு வெட்டிலிருந்து 150 மி.மீ.க்குள்ளோ வரக்கூடாது.

சிங்க், அடுப்பு

வெட்டு அளவைச் சிங்க்கோடும் அடுப்போடும் வந்த தாளிலிருந்தே எடுங்கள், மாடலுக்கு மாடல் மாறும். நான்கு மூலையிலும் முதலில் 20 மி.மீ. துளை போட்டு, துளையிலிருந்து துளைக்கு வெட்டுங்கள். கூரான உள்மூலை விரிசலின் பிறப்பிடம். 600 மி.மீ. ஆழ மேடையில் அடுப்பு வெட்டுக்கு முன்னும் பின்னும் 50 அல்லது 60 மி.மீ. கீற்றுதான் மிஞ்சும். அந்த நிலையில் பலகையைத் தூக்கினால் ஒடியும். வெட்டும் முன்பே மேல்முகத்தில் ஒரு கனத்த சட்டத்தை நீளவாட்டில் கிளாம்ப் போட்டு, உட்கார வைத்த பிறகே எடுங்கள். இன்னும் நல்லது, பலகையை இடத்தில் வைத்த பின் வெட்டுவது.

வெட்டிய விளிம்புக்கும் எண்ணெய், பிறகு அடுப்புப் பக்கம் அலுமினிய ஒட்டுநாடா. எரிவாயுக் குழாயைக் கழற்றுவதும் மாட்டுவதும் உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளரின் வேலை. சிங்க்கின் தண்ணீர்த் திறப்பானை (டேப்) மட்டும் மாற்றுவதோடு நின்றால் அதை நீங்களே செய்யலாம். தண்ணீர்க் குழாய் வழியையே மாற்றுவதற்கு உரிமம் பெற்ற பிளம்பர் வேண்டும்.

மேடைக்கு அடியில் மாட்டும் சிங்க் அழகுதான். ஆனால் இடமும் வலமும் நார்முனை திறந்து நிற்கும், தண்ணீர் அங்கேயே தங்கும். அரிசி களைவது, மீன் கழுவுவது, கிரைண்டர் உருளையை அலம்புவது எல்லாம் ஒரே சிங்க்கில் நடக்கும் வீட்டுக்கு அது தாங்காது. மேலே உட்காரும் எவர்சில்வர் சிங்க் போதும். செலவு செய்ய மனமிருந்தால் சிங்க் பகுதி மட்டும் குவார்ட்ஸ், மீதி மரம். இரண்டுக்கும் நடுவே 3 மி.மீ. சிலிகான் கோடு.

இறுக்குதல்

அடியிலிருந்து திருகாணி. முன்சட்டத்தில் சாதாரணத் துளை. நடுவிலும் பின்னாலும் அகலவாட்டில் 12 மி.மீ. நீளமுள்ள நீள்துளை, திருகாணிக்கு வாஷர். கடைகளில் நீள்துளை போட்ட சின்னத் தகடுகளும் கிடைக்கும். திருகாணி நீள்துளையின் நடுவில் நிற்கட்டும். புதிதாக வந்த பலகை என்றால் முன்பக்கமாகத் தள்ளி வையுங்கள், அது பின்னோக்கித்தான் போகும். பலகைக்குள் 25 மி.மீ.க்கு மேல் ஏறக்கூடாது. எவர்சில்வர் திருகாணியே போடுங்கள். ஓக்கில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடும் தண்ணீரோடும் சேர்ந்தால் மை போலக் கறுத்துவிடும். இதே காரணத்துக்காக இரும்புக் கம்பளியால் ஓக்கைத் தேய்க்கவும் கூடாது.

பின்பக்க இடைவெளியை சிலிகானால் அடைத்துவிடலாமே என்று தோன்றும். நல்ல சிலிகான் தன் அகலத்தில் கால் பங்குதான் இழுபடும், அமுங்கும். 10 மி.மீ. இடைவெளியில் இரண்டரை மி.மீ. ஓக்கின் அசைவுக்கு அது போதாது. ஆகவே இடைவெளியை மறைப்பது சிலிகானின் வேலை ஆகக்கூடாது. 20 மி.மீ. கனமுள்ள மரச்சட்டத்தைச் சுவரில் ஒட்டுங்கள், பலகையில் ஒட்டாதீர்கள். அதன் அடிக்கும் மேல்முகத்துக்கும் இடையே மட்டும் ஒரு மெல்லிய சிலிகான் கோடு. அடியில் பலகை முன்னும் பின்னும் போய்வரலாம். இரண்டு நுனிச் சுவர்களிலும் நீளவாட்டு என்பதால் 3 மி.மீ. போதும்.

எண்ணெய்

120, பிறகு 180, பிறகு 240 உப்புத்தாள், நார் ஓடும் திசையில். கெட்டி மெழுகெண்ணெய் அல்லது டேனிஷ் எண்ணெய், மெல்லிய பூச்சாக மேலே நான்கு, அடியில் மூன்று. பதினைந்து இருபது நிமிடம் கழித்து மிச்சத்தைத் துணியால் முழுக்கத் துடைத்துவிட வேண்டும். துடைக்காத எண்ணெய் இந்த ஈரத்தில் காயாமல் பிசுபிசுப்பாக நின்றுவிடும், அதில் தூசி படியும். டப்பாவில் ஆறு மணி நேரம் என்று போட்டிருந்தாலும் பூச்சுக்குப் பூச்சு ஒரு நாள் விடுங்கள், மின்விசிறி ஓடட்டும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். ஆளி எண்ணெய் கலந்த எதற்கும் இது பொருந்தும். சுருட்டிக் குப்பைக் குழாயில் போடுவது புளோக் முழுவதற்கும் வைக்கும் வினை. ஒற்றை ஒற்றையாக விரித்து விறைப்பாகக் காயவிட்டு, அல்லது மூடியுள்ள டப்பாவில் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு எறியுங்கள்.

முதல் மாதம் வாரம் ஒரு பூச்சு, அதன் பிறகு தண்ணீர் சொட்டு முத்தாக நிற்காமல் பரவும்போதெல்லாம். சிங்க்கைச் சுற்றி இது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும், மற்ற இடங்களில் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை.

பிறகு தெரியும் கோளாறுகள்

மூலை இணைப்பில் கறுப்புக் கோடு தெரிந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று பொருள். சிலிகானைக் கத்தியால் கீறி எடுத்து, இரண்டு நாள் காயவிட்டு, எண்ணெய் கொடுத்து மறுபடி இடுங்கள். கறை ஏறிய மரத்தை ஆக்சாலிக் அமிலக் கரைசல் வெளுக்கும். கையுறை போட்டு, பிறகு நன்றாகக் கழுவுங்கள். இணைப்பில் ஒரு பலகை மட்டும் அரை மி.மீ. உயர்ந்து நின்றால் ஒரு முழு மழைக்காலம் கழியும் வரை தேய்க்க வேண்டாம், இறங்கினாலும் இறங்கும். நடுவில் பள்ளம் விழுந்தால் கேபினெட்டைத் திறந்து அடிமுகத்தைப் பாருங்கள், பூச்சு இல்லாமலோ காற்று இல்லாமலோ இருக்கும். பலகை முன்னோக்கி நகர்ந்து, இழுப்பறை மேலே உரசினால் பின்பக்கம் சுவரை முட்டிவிட்டது. திருகாணிகளைத் தளர்த்திப் பலகையை முன்னே இழுத்து, பின்விளிம்பில் 5 மி.மீ. எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. குக்கரைச் சூடாக வைத்த வெள்ளை வட்டம் 180 உப்புத்தாளுக்கும் ஒரு பூச்சு எண்ணெய்க்கும் போய்விடும். மஞ்சள் கறையைத் தேய்க்க வேண்டாம். சன்னல் வெயில் படும் இடமாக இருந்தால் சில நாளில் தானே வெளிறும்.